பாதாம் பட்டரா, பீனட் பட்டரா? கொடைக்கானலில் அரைத்து விற்பவளின் பதில்

கேள்வி: "பீனட் பட்டர், பாதாம் பட்டர், முந்திரி பட்டர் மூன்றில் சத்திலும் ருசியிலும் எது மேல்? பாதாம் பட்டருக்கு அவ்வளவு விலை கொடுப்பது தகுமா?"

தினமும் சாப்பிட என்றால் என் ஓட்டு நிலக்கடலைக்குத்தான். பாதாமுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு இரண்டு மூன்று சத்துகளுக்கு மட்டுமே போகிறது. அவற்றில் முக்கியமான ஒன்று நம் வீட்டு மளிகையிலேயே மலிவாக இருக்கிறது. முந்திரி பட்டரை நாக்குக்காக வாங்கலாம், தப்பில்லை. உடம்புக்கு நல்லது என்று சொல்லி வாங்க வேண்டாம்.

நான் கொடைக்கானலில் வீட்டிலேயே இவற்றை அரைத்து, தெரிந்த சில ஹோம்ஸ்டேக்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறேன். விற்கிறவள் சொல்கிறாளே என்று சந்தேகம் வந்தால், எனக்குப் பாதாம் பட்டரில்தான் லாபம் அதிகம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையோ எண்ணெயோ சேர்க்காமல் அரைத்தால் மூன்றுமே 100 கிராமுக்கு 600 கலோரியை ஒட்டி வரும். கொழுப்பு ஏறக்குறைய பாதி எடை. புரதம் கடலையில் 22 முதல் 25 கிராம், பாதாமில் 21, முந்திரியில் 17 வாக்கில். ஆக, புரதத்துக்காகப் பாதாம் பட்டர் வாங்குகிறேன் என்பவர் ஐந்தாறு மடங்கு விலை கொடுத்து கொஞ்சம் குறைவாக வாங்கிப் போகிறார். கடலையில் பி3 என்கிற நியாசினும் அதிகம், 100 கிராமுக்கு 13 மில்லிகிராம் வரை இருக்கும். பாதாமில் அதில் கால்பங்குதான். ஃபோலேட் என்கிற பி9-லும் கடலையே முந்தி.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஜிம்முக்குப் போகிற தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி பீனட் பட்டர் 16 கிராம். அதில் மூன்றரை, நான்கு கிராம் புரதமும் 95 கலோரியும் உண்டு. இரண்டு கரண்டி தின்றால் ஒரு முட்டையின் புரதம் கிடைத்துவிடும், ஆனால் கலோரி அந்த முட்டையைப் போல இரண்டரை மடங்கு. இது கொழுப்புச் சத்துள்ள உணவு, கூடவே புரதமும் இருக்கிறது. நல்ல கொழுப்புதான், பெரும்பகுதி நிறைவுறாதது. ஆனாலும் புரதப் பவுடருக்கு மாற்றாக இதை நினைத்துக்கொண்டு பாதி டப்பாவை வழித்துத் தின்றால் இடுப்புச் சுற்றளவு பதில் சொல்லும்.

சரி, பாதாமுக்கு உரியதைப் பாதாமுக்குக் கொடுத்துவிடுவோம். வைட்டமின் ஈ 100 கிராமுக்கு 24 மில்லிகிராம் வாக்கில் இருக்கிறது, கடலை பட்டரில் 9 தான். நார்ச்சத்து 10 கிராம், அதாவது கடலையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மக்னீசியமும் கூடுதல். கால்சியத்தில்தான் பெரிய வித்தியாசம்: பாதாம் பட்டரில் சுமார் 350 மில்லிகிராம், கடலையில் 50-க்கும் கீழே. இந்தக் கால்சியக் கணக்கைக் காட்டித்தான் பாதாம் பட்டரை விற்கிறார்கள், நானும் விற்கிறேன். ஆனால் நம் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு அதே 350 மில்லிகிராம் அளவு கால்சியம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகு மாவைக் களியாகவோ அடையாகவோ ஒரு வேளைக்குச் சாப்பிட்டு எழுந்துவிடலாம். நூறு கிராம் பாதாம் பட்டரை யாரும் ஒரு வேளைக்குச் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது. ஒரு கரண்டியில் கிடைப்பது 55 மில்லிகிராம்தான்.

அரைப்பதால் வரும் ஒரு வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. முழு பாதாமை மென்று தின்னும்போது அதன் செல்சுவர்கள் எல்லாம் உடைவதில்லை, உள்ளே இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வறுக்காத முழு பாதாமிலிருந்து உடம்பு எடுத்துக்கொண்டது கிராமுக்கு 4.4 கலோரி, அதையே பட்டராக அரைத்துக் கொடுத்தபோது 6.5 கலோரி. எடை குறைக்க நினைக்கிறவர்கள் பாதாமை முழுசாகவே மென்று தின்னலாம், காசும் மிச்சம். எடை ஏறாத பிள்ளைக்கும், பல் இல்லாத தாத்தா பாட்டிக்கும் அரைத்தது நல்லது.

ருசிக்கு வருவோம். இதில் பருப்புக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வறுவலுக்கும் உண்டு. நிலக்கடலை பயறு இனம். பச்சையாக அரைத்தால் அந்தப் பச்சைப் பயறு வாடை அடிக்கும். சூடு ஏறும்போது அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பைரசீன் என்ற மணப்பொருள்கள் உண்டாகின்றன. வறுகடலை வண்டி தெருமுனையில் வரும்போதே நமக்குத் தெரிந்துவிடுவது அதனால்தான். எங்கள் வீட்டில் வறுப்பது அத்தையின் பொறுப்பு. இரும்புச் சட்டி, சிறுதீ, கை நிற்காமல் கிளறிக்கொண்டே இருப்பார். "அத்தை, இப்பதான் வாசமே வருது, இன்னும் ரெண்டு நிமிஷம் விடட்டுமா?" என்று கேட்டால், "வாசம் வந்தாச்சுன்னா எறக்கிடணும்மா. சட்டிச் சூட்டுலயே மிச்சம் வேகும், கொட்டு சீக்கிரம்" என்பார். அவர் சொல்வது சரி. எண்ணெய்ச் சத்துள்ள பருப்பு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். தாம்பாளத்தில் பரப்பாமல் குவித்து வைத்தால் நடுவில் இருப்பவை கருகிக் கசந்துவிடும்.

பாதாமுக்குக் கடலையின் எடுப்பான மணம் கிடையாது. லேசான இனிப்பு, தோலோடு அரைத்தால் பின்நாக்கில் ஒரு துவர்ப்பு, எவ்வளவு அரைத்தாலும் மிச்சமிருக்கும் சின்ன நறநறப்பு, அவ்வளவுதான். பழகினால் பிடிக்கும். ஓட்ஸ் கஞ்சியிலும் ஆப்பிள் துண்டிலும் நன்றாகச் சேரும், தோசைக்குச் சேராது. முந்திரியில் மாவுச்சத்து அதிகம், நார் குறைவு, அதனால் அரைத்தால் பால்கோவா போல வழவழவென்று வரும். இரும்பு, துத்தநாகம், செம்பு மூன்றும் அதில் நன்றாகவே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு ஒரு சிட்டிகை போதும், சர்க்கரையே வேண்டாம். குருமாவுக்கு ஊறவைத்து அரைக்கிற வேலை மிச்சம் என்று பக்கத்து வீட்டு அக்கா முந்திரி பட்டரையே ஒரு கரண்டி போட்டுவிடுகிறார். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் குருமா அருமையாக இருக்கிறது.

பீனட் பட்டருக்கு எனக்குப் பிடித்த ஜோடி மலைவாழைப்பழம். கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழை புவிசார் குறியீடு பெற்றது. முடிக்கொத்து நோயால் ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்து, இப்போது முன்போல மலிவாகக் கிடைப்பதில்லை. அந்தப் பழத்தின் லேசான புளிப்பும் கடலையின் கனமும் சேர்வது ஜாம் தடவிய ரொட்டிக்கு வராது. பட்டர் ஃப்ரூட்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கிற சுற்றுலாப் பயணிகள் உண்டு. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் நிறைய விளைகிறது, நல்ல பழம். ஆனால் 100 கிராமில் புரதம் 2 கிராம்தான், அது வேறு வகை.

இந்த ஊருக்கும் பீனட் பட்டருக்கும் உள்ள தொடர்பைக் கேட்பவர்களுக்கு: கொடைக்கானலில் 1845-ல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். அப்போது பீனட் பட்டர் என்ற பண்டமே கிடையாது. கனடாவின் எட்சன் கடலை விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1884-ல். கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1895-ல், அவர் கடலையை வேகவைத்து அரைத்தவர். (எங்கள் அத்தையிடம் சொன்னேன், சிரித்தார்.) அமெரிக்கக் குழந்தைகளுக்கான பள்ளி இங்கே 1901-ல் தொடங்கியது. அமெரிக்கப் பிள்ளைகள் தங்கிப் படித்த ஊரில் அந்த டப்பா வராமல் இருந்திருக்குமா? மற்ற மலை ஊர்களைவிட இங்கே கடைகளில் பீனட் பட்டர் சாதாரணமாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம்.

கடை டப்பாவில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்பதைப் பார்த்து "பழசு போல" என்று திருப்பி வைப்பவர்களைப் பார்க்கிறேன். பிரிந்து நின்றால் அது வெறும் பருப்பு என்பதற்கான அறிகுறி. பிரியாமல் நிற்பதற்கான வழியை 1922-ல் ரோஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார், எண்ணெயில் ஒரு பகுதியை ஹைட்ரஜனேற்றம் செய்வது, அதாவது ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்குவது. அதனால் வரும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு நம் நாட்டில் 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது, தயாரிப்பாளர்கள் பலரும் பாமாயிலுக்கு மாறிவிட்டார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் பொருள்பட்டியலைப் படியுங்கள். அதிக எடையுள்ளது முதலில் வரும். அமெரிக்காவில் பீனட் பட்டர் என்று பெயர் போட 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும். சாக்லேட் ஹேசல்நட் ஸ்ப்ரெட்டில் முதலில் வருவது பெரும்பாலும் சர்க்கரை, அது மிட்டாய் வகை. பிள்ளைகளுக்கு மிட்டாயாகவே கொடுங்கள், சத்துணவாக அல்ல.

கடலை வாங்கும்போது எனக்கு இருக்கிற ஒரே பயம் பூஞ்சை. மலைக்குக் கீழே சமவெளியில் ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த கடலை ஐப்பசி, கார்த்திகையில் பறிபடும், அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. சரியாகக் காயாத காயில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரும். கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் சுருங்கினது, கறுத்தது, பூசணம் பூத்தது, கடித்தால் கசப்பது எல்லாவற்றையும் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் மலைமேல் ஈரம் எப்போதும் உண்டு, மூட்டையை வெறும் தரையில் வைத்தால் இங்கேயே பூசணம் பிடிக்கும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. அக்ரூட்டில் (வால்நட்) தாவர ஒமேகா-3 ஏராளம், 100 கிராமுக்கு 9 கிராம். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், தோல் துவர்க்கும். மகடாமியா என்ற கொட்டையின் மரங்கள் கீழ்மலைத் தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. அந்தப் பருப்பில் முக்கால் பங்கு கொழுப்பு, புரதம் 8 கிராம்தான், வாயில் வைத்தால் உருகும், விலையைக் கேட்டால் நாமும் உருகுவோம். என்னைக் கேட்டால் பாதாமுக்குப் போட்டி கறுப்பு எள். தோலோடு இருக்கும் எள்ளில் கால்சியம் 100 கிராமுக்கு 950 மில்லிகிராமுக்கு மேல், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருளால் அது முழுசாக உடம்பில் சேராது என்றாலும். தனியாக அரைத்தால் கசக்கும், கடலையோடு நாலுக்கு ஒன்று என்று கலந்தால் எள்ளுருண்டை வாசம் வரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாம், முந்திரி, எள் மூன்றையும் ஆக்சலேட் காரணமாக மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கைக்குழந்தைக்கு எந்த நட் பட்டரையும் கட்டியாகக் கரண்டியில் ஊட்டக் கூடாது, தொண்டையில் அடைக்கும். கஞ்சியில் நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். வீட்டில் யாருக்காவது கடுமையான அலர்ஜி இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் அரைக்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக நம்மைப் போலக் குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு: வறுத்துத் தோல் புடைத்த கடலையைக் கைபொறுக்கும் சூட்டிலேயே மிக்ஸியில் போடுங்கள். ஆறிவிட்டால், அதுவும் மார்கழிக் குளிரில், எண்ணெய் விடாமல் பொடியாகவே சுற்றிக்கொண்டிருக்கும், மோட்டார் சூடாகிவிடும். விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடி, அப்புறம் உருண்டை, அப்புறம்தான் தளர்ந்து விழுதாகும், நடுவில் பயந்து தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் இறுகிவிடும், கெட்டும் போகும். இரவு ஊறவைத்துத் தோலுரித்த பாதாமில் பட்டர் சரியாக வராததும் இதனால்தான், அதை நன்றாகக் காயவைத்து வறுத்த பிறகே அரைக்க வேண்டும். இனிப்பு வேண்டுமென்றால் உலர்ந்த நாட்டுச் சர்க்கரைப் பொடி சேருங்கள், வெல்லப் பாகோ தேனோ ஊற்றினால் கட்டியாகும். தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளை இங்கே பின்பற்ற வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ரொட்டியில் தடவ வராது. தளர்வு வேண்டுமென்றால் செக்குக் கடலை எண்ணெய் ஒரு கரண்டி போதும்.