திருவிருந்துத் தட்டும் டார்ச் லைட்டும்: எங்கள் ஒரு வாரம் பற்றிக் கேட்டவர்களுக்கு

நானும் என் வீட்டுக்காரரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதி மிஷனரிகளாக ஊழியம் செய்கிறோம். போன வாரம் ஞாயிறு ஆராதனையில் தொடங்கி, சனிக்கிழமை வாலிபர் முகாமில் கூடாரம் பிரித்ததோடு முடிந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ரிட்டயர் ஆனவர்கள் மிஷனரியாகப் போனால் எவ்வளவு சம்பளம் அம்மா?

சம்பளமா! வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் எங்கள் சேமிப்பிலிருந்துதான். வீட்டில் 18 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கக் கூடாது, உடம்பு ஓரளவு ஒத்துழைக்க வேண்டும், ஆயரோடு, அதாவது உள்ளூர்ச் சபையை நடத்துகிறவரோடு, நேர்காணல் உண்டு. 6, 12, 18, 23 மாதம் என்று நம்மால் முடிகிற காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் 18 மாதம் எடுத்தோம். 23 எடுத்திருக்கலாம் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும்.

நீங்களும் அந்த இளைஞர்கள் மாதிரி வீடு வீடாகப் போவீர்களா?

இல்லை. இரண்டு வருடம் ஊழியம் செய்கிற பையன்களுக்கு விடிகாலையிலிருந்து இரவு வரை கால அட்டவணை இருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு கிடையாது. கொடுத்த வேலையைப் பொறுத்து நாள் ஓடும். சில தம்பதிகள் அலுவலகக் கணக்கு பார்ப்பார்கள், சிலர் நிவாரணப் பணி, சிலர் ஆலயத்தில். எங்களுக்குக் கிடைத்தது சின்னக் கிளைச் சபைக்குத் துணையாக இருப்பது. அதாவது, வராமல் போனவர்களைப் போய்ப் பார்ப்பது, புதிதாகப் பொறுப்பேற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழக்குவது, நாற்காலி போடுவது. நாற்காலி போடுவதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எல்லா உண்மையான பேச்சும் நாற்காலி மடக்கும்போதுதான் வரும்.

ஞாயிறு ஆராதனை எப்படி இருக்கும்? பாஸ்டர் யார்?

சம்பளம் வாங்கும் பாஸ்டர் இல்லை. ஆயரும் கிளைத் தலைவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறவர்கள். பிரசங்கமும் சபையாரே முறை வைத்துச் செய்வார்கள். 2019 ஜனவரியிலிருந்து மொத்தம் இரண்டு மணி நேரம்தான்: முதலில் இயேசுவின் நினைவாக அப்பம் எடுக்கிற திருவிருந்துக் கூட்டம், அப்புறம் வகுப்பு.

திருவிருந்துக்கு அப்பமும் தண்ணீரும். திராட்சரசம் கிடையாது. அப்பத்தைப் பிட்டு ஜெபம் சொல்வது பெரும்பாலும் 16 வயதாகிற வருடத்தை எட்டிய பையன்கள். அந்த ஜெபத்தை எழுதியிருக்கிறபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும். முகாமுக்கு முந்தின ஞாயிறு ஒரு பையன் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டான். கிளைத் தலைவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மறுபடி தொடங்கினான், மறுபடி அதே இடத்தில் தவறியது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அதற்குள் காதெல்லாம் சிவந்துபோய்விட்டது. கூட்டம் முடிந்ததும் கடைசி நாற்காலி வரை அவனே மடக்கி அடுக்கினான், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வயதில் கூடாரத்தில் படுத்தீர்களா ஆன்ட்டி?

மூன்று இரவு படுத்தேன், புதன் முதல் வெள்ளி வரை. இரண்டாவது இரவு நல்ல மழை. இரண்டு மணி இருக்கும், முதுகில் ஈரம். வெளியே டார்ச் வெளிச்சம் ஆடியது. பார்த்தால் அதே பையன், கூட இன்னொருவன். எங்கள் கூடாரத்துக்கு அடியில் விரித்திருந்த தார்ப்பாய் நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய பாயாக இருந்தால் நல்லது என்று என் வீட்டுக்காரர்தான் அப்படிப் போட்டார். கூடாரத்துணியில் வழிகிற மழை நேராக அந்த விளிம்பில் இறங்கி, எங்கள் முதுகுக்கு அடியில் குளமாகிவிட்டது. அந்தப் பாய் எப்போதும் கூடாரத்தை விடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டுமாம். ஓரங்களை உள்பக்கம் மடித்துச் செருகிவிட்டு, “தாத்தா, காலையில இடம் மாத்திக்கலாம்” என்றான். மூன்று முறை தடுமாறிய பையனா இது என்று எனக்குத் தோன்றியது.

எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு யோசனை: படுக்கைக்கு அடியில் தடிமனான மெத்தை விரிப்பு, கைக்கு எட்டும் இடத்தில் உலர்ந்த காலுறை. பருத்திக் காலுறை வேண்டாம், நனைந்தால் காய நேரமாகும், உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும்.

பெண் பிள்ளையை முகாமுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம்தான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிற எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பொறுப்பான பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பது சபையின் விதி. பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளின் கூடாரத்தில் தங்கக் கூடாது. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் பாதுகாப்புப் பயிற்சியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை முடிக்க வேண்டும். அந்தப் பயிற்சியை முடித்தாயிற்றா, இரவில் யார் எங்கே படுக்கிறார்கள், மருந்து யார் கையில் என்று நேரடியாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் அனுப்பாதீர்கள். நாங்களே கேட்டோம். பதில் தெளிவாக வந்தது, அப்புறம்தான் பை கட்டினோம்.

டீ, காபி இல்லாமல் மலையில் எப்படி?

1833-இல் வந்த ஞான வார்த்தை என்ற போதனைப்படி டீ, காபி, மது, புகையிலை எங்களுக்கு இல்லை. சுடச்சுடக் கோகோ குடிக்கலாம். போதும்.

கடைசி இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகளை அழவைப்பார்களாமே?

சாட்சிக் கூட்டத்தைச் சொல்கிறீர்கள். விருப்பம் உள்ளவர் எழுந்து தன் விசுவாசத்தைச் சொல்வார். கண்ணீர் வருவதுண்டு. ஆனால் ஒருத்தி அழுதால் அடுத்தவளும் அழுதே தீர வேண்டும் என்கிற மாதிரி ஆகிவிட்டால் எனக்குப் பிடிக்காது. பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை “நீயும் சொல்லேன்” என்று தள்ளுவது தப்பு. முகாம் தலைவியிடம் இதை முன்கூட்டியே சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். அன்று பாதிப் பேர் பேசவில்லை. நெருப்பு அணைகிற வரைக்கும் யாரும் எழுந்தும் போகவில்லை.

24 மணி நேரமும் கணவரோடு, சண்டை வராதா?

தார்ப்பாய் விஷயம் மேலே சொல்லிவிட்டேன்.

அந்தப் பையன் மறுபடி ஜெபம் சொன்னானா அம்மா?

சொன்னான், முகாம் முடிந்த மறுநாளே. பின்வரிசை முழுக்க வாலிபர்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். இந்த முறை தண்ணீருக்கான ஜெபம். ஒரு வார்த்தை தவறியது, உடனே அவனே திருத்திக்கொண்டு தொடர்ந்தான். தானே திருத்திக்கொண்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. கிளைத் தலைவர் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று பார்த்தேன், அவரும் தூங்கிவிட்டிருந்தார்.