பாறையைப் பார்க்க அவ்வளவு தூரமா?

அன்புள்ள ஐயா,

துருக்கியின் கப்படோக்கியா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அக்டோபரில் நானும் அப்பாவும் குரூப் டூரில் போகிறோம். அங்கே ஒன்றரை நாள்தான். "நம்ம பக்கம் இல்லாத பாறையா?" என்று சித்தப்பா கேலி செய்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. கைடு பின்னால் ஓடி எதையாவது உருப்படியாகப் பார்க்க முடியுமா?

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

சித்தப்பா எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார்? மன்னார்குடியில் கல்லைப் பார்க்க ராஜகோபாலசுவாமி கோயிலுக்குள்தான் போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. நாமெல்லாம் வண்டல்காரர்கள்.

சரி, சித்தன்னவாசலும் திருச்சி மலைக்கோட்டையும் இருக்கின்றனவே என்பார். அது உளியை மழுக்கும் கல். கப்படோக்கியாவில் இருப்பது எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய மெத்தென்ற பாறை. அந்தப் பக்கத்து எரிமலைகள் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் கக்கியது. மேலே கெட்டியான படிவம் தொப்பி போல நின்ற இடத்தில் அடிப்பாறை தப்பித்தது, சுற்றியிருந்ததை மழையும் காற்றும் கரைத்துவிட்டன. அந்தக் கூம்புகளைத்தான் படங்களில் பார்க்கிறீர்கள். இரும்புக் குந்தாலி இருந்தால் போதும், குடையலாம். வீட்டில் ஆள் கூடினால் சுவரைக் குடைந்து இன்னொரு அறை எடுத்தார்கள். விட்டத்தை அண்ணாந்து பாருங்கள், கொத்திய தடம் வரிவரியாக அப்படியே இருக்கும்.

கைடு உங்களை நிறுத்தி, "இது ஒட்டகம், இது டால்ஃபின்" என்று பாறை உருவங்களைக் காட்டுவார். எனக்கு அதில் சுவாரசியமே இல்லை. அந்த நேரத்தில் எதிர்ப்பாறையில் இருக்கும் பொந்துகளைப் பாருங்கள். உயரத்தில், சின்னச் சின்ன சதுர ஓட்டைகளாக, சிலவற்றைச் சுற்றிச் சாயப் பூவேலையோடு இருப்பவை புறாக்கூடுகள். குகையின் வாயைக் கல் வைத்து அடைத்து, புறா நுழைய மட்டும் வழி விட்டு, சேர்ந்த எச்சத்தை அள்ளித் திராட்சைத் தோட்டத்துக்குப் போட்டார்கள். வயலில் ஆட்டுக்கிடை கட்டும் ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பா பார்த்ததுமே பிடித்துக்கொள்வார். இந்த மண்ணில் விவசாயம் நடந்தது, இந்தக் குகைகள் குடியானவர் வீடுகள். அது புரிந்துவிட்டால் ஒன்றரை நாள் தாராளம். ஸெல்வே கிராமத்தில் 1952 வரை குகைகளில் ஆட்கள் குடியிருந்தார்கள். பாறை இடிந்து விழும் ஆபத்தால்தான் வெளியேற்றினார்கள்.

கோரமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 'இருட்டு தேவாலயம்' என்று ஒன்று உண்டு. உள்ளே போகத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். கைடு அவசரப்படுத்தினாலும் அதை விடாதீர்கள். வெளிச்சம் அதிகம் நுழையாததால் பழைய ஓவியங்களின் நீலம் மங்காமல் நிற்கிறது.

அப்புறம் முழங்கால். டெரின்குயு நிலத்தடி ஊர் சுமார் 85 மீட்டர் ஆழம். அதில் ஒரு பகுதிக்குத்தான் நம்மை விடுவார்கள். அதற்கே இடுப்பை மடித்துக் குறுகலான படிகளில் இறங்கி ஏற வேண்டும், நடுவில் திரும்பினால் எதிரே ஒரு கூட்டம் வரும். உள்ளிருந்து உருட்டி வழியை அடைக்கும் வட்டக் கற்கதவும் காற்றுக் கிணறும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டியவை. அப்பா மேலே தேநீர்க் கடையில் இருக்கட்டும். ஒருநாள் டூரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 'ரெட் டூர்' எனப்படும் வடக்குப் பக்கச் சுற்று அவருக்குத் தோது. கோரமே, உச்ஹிசார், அவானோஸ் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

வெப்பக் காற்று பலூனில் பறப்பது உங்கள் விருப்பம். காற்று கூடினால் ரத்து செய்துவிடுவார்கள், அதை நம்பி மற்ற திட்டத்தைக் குறுக்க வேண்டாம்.

அவானோஸில் கிசிலிர்மாக் ஆற்றுச் செம்மண்ணில் காலால் சக்கரம் சுற்றிப் பானை வனைந்து காட்டுவார்கள். அப்படியே கடைக்குள் அழைத்துப் போவார்கள். டூரில் கடைக்கென்று ஒதுக்கும் நேரம்தான் எனக்குக் கடுப்பு. எந்தெந்தக் கடை, எவ்வளவு நேரம் என்று பணம் கட்டும் முன்பே ஏஜெண்டிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.