ஆஸ்கர் என்று வாங்கிய மூன்று குஞ்சும் மூன்று விதமாக வளர்கின்றன. இவை என்ன மீன், எப்படி வைப்பது?

கேட்டவர் வேலூர் காட்பாடியில் வாடகை வீட்டில், முதல் மாடியில் இருக்கிறார். பையனுக்காக 'டைகர் ஆஸ்கர்' என்று இரண்டு அங்குலக் குஞ்சு மூன்று வாங்கி, இரண்டடித் தொட்டியில் விட்டிருக்கிறார். ஐந்து மாதம் ஆகிறது. ஒன்று கருப்பும் ஆரஞ்சுமாக, வாலடியில் ஒரு வளையத்தோடு இருக்கிறது. இன்னொன்று வெளிறிய வெள்ளி நிறம், பக்கவாட்டில் கரும்பொட்டு வரிசை, பெரிய வாய். மற்ற இரண்டையும் துரத்துகிறது. மூன்றாவது சாம்பல் நிறம், முதுகுத் துடுப்பின் பின்பாதியில் ஒரு கரும்புள்ளி, கல்லைத் தள்ளிக் குழி பறிக்கிறது.

முதல் மீன்தான் ஆஸ்கர். இரண்டாவது பெரும்பாலும் ஜாகுவார் சிக்லிட். சிக்லிட் என்பது ஆஸ்கரும் சேர்ந்த ஒரு பெரிய மீன் குடும்பம். மூன்றாவது, சிரிக்காதீர்கள், நம்ம ஊர் ஏரியில் வலை போட்டால் வரும் ஜிலேபி, அதாவது திலேப்பியா. அதுவும் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை 1952-இல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத ஏரியைத் தேடத்தான் வேண்டும். துடுப்பில் அந்தப் புள்ளி ஜிலேபிக் குஞ்சின் அடையாளம். இன்னும் கொஞ்ச நாளில் உடம்பு கறுத்து, தாடை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்தால் ஆண் என்று உறுதி. குழி பறிப்பது பெண்ணை அழைக்கத்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். மீன் விறைப்பாக நிற்கும்போது போனில் பக்கவாட்டுப் படம் எடுத்து, வயிற்றுக்குப் பின்னால் உள்ள குதத்துடுப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கம் முள் மாதிரி கடினமான கம்பிகள் எத்தனை? ஆஸ்கருக்கும் ஜிலேபிக்கும் மூன்று. ஜாகுவார், ஜாக் டெம்ப்சி போன்ற நடு அமெரிக்க சிக்லிட்டுகளுக்கு அதைவிட அதிகம். நிறம் மனநிலைக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி மாறும், முள் மாறாது. ஆஸ்கரின் வாலடியில் உள்ள கண்போன்ற வளையம் எதிரிக்குத் தலை எது வால் எது என்று குழப்பத்தான் என்பார்கள். குஞ்சில் அது சரியாகத் தெரியாது. அதனால்தான் கடையில் ஏமாறுகிறோம். நான் ஒருமுறை 'கிரீன் டெரர்' என்ற வேறொரு சிக்லிட் என்று வாங்கி வந்தது ஜாகுவாராகி, கூட இருந்த இரண்டு செவரம் மீனை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது. கடைக்காரரையும் சும்மா குறை சொல்ல முடியாது. வண்ணமீன் வியாபாரம் நடக்கும் சென்னை கொளத்தூரிலிருந்து பையில் வரும் குஞ்சுகளுக்கு யார் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள்?

இப்போது தொட்டி. 2×1×1 அடி என்றால் 57 லிட்டர்கூட இல்லை. ஆஸ்கர் ஓர் அடி வளரும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரே ஒரு ஆஸ்கருக்கே 4×1.5×1.5 அடி வேண்டும், சுமார் 255 லிட்டர். பத்து மில்லிமீட்டர் கண்ணாடி, ஸ்டாண்டு, கல் எல்லாம் சேர்த்தால் முந்நூற்றைம்பது கிலோவை நெருங்கும். முதல் மாடி என்கிறீர்கள். அறை நடுவில் வைக்காதீர்கள். சுமை தாங்கும் சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடமாகப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்த பிறகு சொல்வது நன்றாக இருக்காது. ஜாகுவார் ஒன்றேகால் அடியைத் தாண்டும். அதற்குத் தனியாக ஆறடித் தொட்டி. வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை என்றால் இப்போதே, சின்னதாக இருக்கும்போதே, கடையில் திருப்பிக் கொடுங்கள். வளர்ந்த பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள்.

தண்ணீர் பற்றி நம்ம ஊரில் பயப்படவே வேண்டாம் என்றால் நம்புவீர்களா? தண்ணியில்லாத ஆறு என்று பேர் வாங்கிய ஊர்தான், போர் தண்ணீரும் கடினம்தான். ஆனால் நடு அமெரிக்க சிக்லிட்டுக்கு அது ஒத்துப்போகும். ஆஸ்கர் அமேசான்காரன் என்றாலும், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் பிறந்தது, பழகிக்கொள்ளும். மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் மீது மட்டும் ஆசை வேண்டாம். காரத்தன்மை கூடிய தண்ணீரில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா இன்னும் விஷம், அதுதான் கவனிக்க வேண்டியது. ஆஸ்கர் மென்ற இரையில் பாதியைத் துப்பும், கழிவும் அதிகம். வாரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறு குடம், மாற்றியே ஆக வேண்டும். வெளியேற்றிய தண்ணீர் முருங்கைக்கும் மல்லிகைக்கும் அருமையான உரம். காவிரிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் பிடித்து ஏர் மோட்டார் ஓடவிட்டு ஊற்றுங்கள். புதுத் தொட்டிக்கு மாற்றும்போது பழைய ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல் அப்படியே புதுசில் போடுங்கள். அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் அவை புதிதாக வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

கடையில் ஹீட்டர் தலையில் கட்டுவார்கள். மார்கழிக் குளிருக்கு மட்டும் அது உதவும். நமக்கு ஆபத்து கத்திரி வெயில். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, பெரிய மீனுக்குத் தேவை அதிகம். சத்துவாச்சாரியில் இருந்தபோது ஒரு மே மாத மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. நான் வேலையில். சாயங்காலம் வந்து பார்த்தால் நாலு வருஷம் வளர்த்த ஆஸ்கர் மிதக்கிறது. என் கையில் உணவு வாங்கித் தின்ற மீன் அது. இப்போது பேட்டரி ஏர் மோட்டார் இரண்டு, ஒரு சின்ன ஃபேன், வலை மூடி. ஆஸ்கர் துள்ளும், ஆகவே மூடி கட்டாயம்.

ஜிலேபியை ஏரியிலோ கோட்டை அகழியிலோ கொண்டுபோய் விடாதீர்கள், ஆஸ்கரையும்தான். ஏற்கெனவே அங்கே இருப்பது போதும். உங்கள் ஜிலேபிக்குப் பெரிய சிமென்ட் தொட்டி உள்ள யாராவது கிடைத்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் குழம்புக்கு ஆகும். பையன் காதில் விழாமல் முடிவு செய்யுங்கள்.