ஒரு பந்தின் மனிதரா? – கடிதமும் பதிலும்

ஐயா,

அமெரிக்கக் கால்பந்தாட்டம் பற்றி எழுதியபோது மால்கம் பட்லரை ‘ஒரு பந்தின் மனிதர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் பல ஆண்டுகளாக பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறேன். 2015 பிப்ரவரியில் அவர் ஆடிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் வெற்றி ஊர்வலத்தைப் பனியில் நின்று பார்த்தவன். சூப்பர் பௌல் எனும் இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் எதிரணி எறிந்த அந்தப் பந்தை அவர் பிடித்தது அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்வதாகவே எனக்குப் பட்டது, வருத்தமாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே சூப்பர் பௌலில் அவரை உட்காரவைத்தார்களே, அது ஏன் என்று நினைக்கிறீர்கள்? கடைசியாக ஒன்று. இந்த ஆட்டமே தெரியாத என் தம்பி, ‘கார்னர்பேக் என்றால் என்னதான் வேலை?’ என்று ஊரிலிருந்து கேட்கிறான். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்), மாசசூசெட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் கபடி பார்த்திருப்பார். கோட்டின் ஓரத்தில், மூலையில் ஒருவர் குனிந்து நிற்பார். பாடி வருகிறவனுடைய முகத்தை அவர் பார்ப்பதில்லை, கால் எங்கே ஊன்றுகிறது என்பதில்தான் கண் இருக்கும். அவரைக் கார்னர் என்றுதான் சொல்கிறார்கள். அந்த மனிதரை 53 யார்டு அகலமுள்ள மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிறுத்துங்கள். எதிரே ரிசீவர் என்னும் ஒரு ஓட்டக்காரன். அவனுக்குத் தான் எங்கே ஓடி எங்கே திரும்பப்போகிறோம் என்பது முன்பே தெரியும். பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்குக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நம்முடைய கார்னர்பேக். அவர் பின்புறமாக ஓடிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பின்புறமாக ஓடுவது சொல்ல எளிது. முன்னோக்கி ஓடுகிறவன் நாட்டிலேயே மிக வேகமான ஆட்களில் ஒருவன். அவன் தலையை இந்தப் பக்கம் ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போவான், தோளைச் சாய்த்து ஏமாற்றுவான். அதனால்தான் பள்ளி மைதானத்திலேயே இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இடுப்பு திரும்பாமல் ஆள் திரும்ப முடியாது. அவனைத் தொட்டுத் தடுக்கலாம்தான், ஆனால் முதல் 5 யார்டுக்குள் மட்டும். 1978-இல் வந்த விதி இது. அதற்கு அப்பால் கைவைத்தால் நடுவரின் மஞ்சள் துணி விழும். பந்து காற்றில் இருக்கும்போது தள்ளிவிட்டால் தவறு நடந்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்து கிடைக்கும். அந்த இடம் 40 யார்டு தள்ளி இருந்தால் ஒரே நொடியில் 40 யார்டு போயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் போகும். ஆட்டம் தொடங்கிய அடுத்த நொடியில் கார்னர்பேக் திரையை விட்டு வெளியே போய்விடுவார். பந்து அவர் பக்கம் வந்தால்தான் மறுபடியும் தெரிவார், பெரும்பாலும் யாரோ ஒருவன் அவர் தலைக்கு மேலே பந்தைப் பிடிக்கும் நேரத்தில். அதாவது, நம் கண்ணில் படும்போதெல்லாம் அவர் தோற்றுக்கொண்டிருப்பார். வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் பந்தே அந்தப் பக்கம் வந்திருக்காது. 2009-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் டாரெல் ரெவிஸ் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். எதிரணியின் முதல்தர ரிசீவரைத் தனி ஆளாக அவரிடம் விட்டுவிடுவார்கள். அந்த ரிசீவர் அன்று காணாமல் போய்விடுவார். ‘ரெவிஸ் தீவு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. நடக்காத ஒன்றை வைத்துப் புகழ் பெறுவது எவ்வளவு அரிது!

அந்த ரெவிஸ் 2014-இல் ஒரே ஓர் ஆண்டு உங்கள் ஊர் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு ஆடினார். அதே ஆண்டு, அதே அணியில், அதே வேலைக்கு, யாருக்கும் பெயர் தெரியாத ஒருவர் வந்து சேர்ந்தார். பட்லர்தான்.

அவருடைய முன்கதை உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் ஊர்க்காரர். ஹைண்ட்ஸ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஊருக்குத் திரும்பி பாப்பாய்ஸ் கோழிக்கடையில் வேலை பார்த்தார். மறுபடியும் அதே கல்லூரி, பிறகு மேற்கு அலபாமா என்ற சிறிய பல்கலைக்கழகம். 2014-இல் தொழில்முறை அணிகள் வரிசையாக 256 ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. அதில் அவர் பெயர் இல்லை. பேட்ரியட்ஸ் அணி அவரை வந்து ஆடிக் காட்டச் சொன்னது. ஆடினார், சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் இப்படிப் பின்வாசல் வழியாக வந்தவர்களுக்கு ஒரு பரம்பரையே உண்டு. 1952-இல் டிக் லேன் என்பவர் தன்னைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டிய நோட்டுப் புத்தகத்துடன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அலுவலகத்துக்குள் தானாகவே நடந்து போய் வேலை கேட்டார். அதுவரை விமானத் தொழிற்சாலையில் எண்ணெய் வழியும் தகடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தவர். முதல் ஆண்டிலேயே 12 ஆட்டங்களில் எதிரணியின் 14 பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிய பிறகும் அந்த 14-ஐ இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை.

சரி, நம் சண்டைக்கு வருவோம்.

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேலில் சூப்பர் பௌல். பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. பட்லர் அன்று முதல் பாதி முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர். மற்றொரு கார்னர்பேக்கின் தலைக்கு மேலே ஓர் உயரமான ரிசீவர் திரும்பத் திரும்பப் பந்தைப் பிடித்ததால்தான் இரண்டாம் பாதியில் இவரை இறக்கினார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது சியாட்டில் ரிசீவர் ஜெர்மெய்ன் கர்ஸை நோக்கி நீளமான பந்து ஒன்று வந்தது. பட்லர் சரியான நேரத்தில் குதித்துத் தட்டிவிட்டார். தட்டிய பந்து மல்லாந்து விழுந்த கர்ஸின் காலில் பட்டு, கையில் பட்டு, அவர் மார்பிலேயே வந்து அமர்ந்துவிட்டது. 33 யார்டு. கர்ஸ் எழுந்து ஓட, பட்லர்தான் துரத்தி, இலக்குக் கோட்டுக்கு 5 யார்டு முன்னால் வெளியே தள்ளினார். வேலையைச் சரியாகச் செய்து முடித்தவரை உலகம் முழுவதும் ‘ஏமாந்தவன்’ என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதிர்ஷ்டம் என்று ஒன்று அந்த இரவில் உண்டென்றால் அது இதுதான். அதுவும் அவருக்கு எதிரான அதிர்ஷ்டம். இதை என் குறிப்பில் நான் எழுதவில்லை. உங்கள் வருத்தம் இந்த இடத்தில் முழுக்க நியாயமானது.

அடுத்த முறை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் சியாட்டில்காரர் மார்ஷான் லின்ச் பந்தோடு மோதி அந்தக் கோட்டுக்கு ஒரு யார்டு தூரம்வரை கொண்டுவந்துவிட்டார். கோட்டைத் தாண்டினால் சியாட்டில் முந்திவிடும். மீதம் 26 வினாடி. லின்ச்சிடமே மறுபடியும் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அந்த இடத்தில் மூன்று கார்னர்பேக்குகளை அனுப்பினார். ‘மால்கம், போ!’ என்று ஒரு குரல் கேட்க, பட்லர் ஓடி உள்ளே வந்தார். எதிரே இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னவர் கர்ஸ், பின்னவர் ரிக்கார்டோ லாக்கெட். முன்னால் இருப்பவர் வழியை அடைத்துக்கொள்ள, பின்னால் இருப்பவர் உள்ளே வெட்டி ஓடிப் பந்தைப் பிடிப்பது திட்டம்.

அதே அடுக்கில், அதே ஓட்டத்தை அந்த வாரப் பயிற்சியில் பட்லர் சந்தித்திருந்தார். அன்று தோற்றார். வழியை அடைத்தவரைச் சுற்றிப் போனதால் ஓர் அடி தாமதம், பந்து போய்விட்டது. சுற்றிப் போகாதே, நேராகப் போய்விடு என்று பெலிச்சிக் திருத்தினார். கிளெண்டேலில் பிராண்டன் பிரௌனர், முந்தைய ஆண்டுவரை சியாட்டிலுக்கே ஆடியவர், கர்ஸை நின்ற இடத்திலேயே நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிட்டார். பட்லருக்கு நேர்வழி திறந்தது. லாக்கெட்டை முந்திக்கொண்டு பந்து இருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார். தொழில்முறை வாழ்க்கையில் அவர் இடைமறித்துப் பிடித்த முதல் பந்து அது.

பயிற்சியில் தோற்றது செவ்வாயோ வியாழனோ, அதைப் பற்றி ஒருவரும் பத்தி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மறுநாள் காலை அமெரிக்கா முழுக்கப் பேசியது பட்லரைப் பற்றிக்கூட இல்லை. சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரல் ஏன் லின்ச்சிடம் பந்தைக் கொடுக்கவில்லை என்பதுதான் பேச்சு. பத்தாண்டு கடந்தும் அதுதான் பேச்சு. ஒருவர் ஓடி வந்து பந்தைப் பிடித்தார் என்பது இன்னொருவரின் முட்டாள்தனத்துக்கு அடிக்குறிப்பாகிவிட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். அந்தப் பருவம் முழுக்கத் தடுப்பாட்டத்தில் ஏறத்தாழ ஒரு கணம்கூட வெளியே உட்காராதவர் பட்லர், 98 சதவீதத்துக்கு அருகில் ஆடியவர். நாட்டுப்பண் ஒலிக்கும்போது அவர் கண்ணீர் விட்டதைத் தொலைக்காட்சி காட்டியது. அன்று தடுப்பாட்டத்தில் அவர் ஒரு முறைகூடக் களமிறக்கப்படவில்லை. எதிரணியான ஃபிலடெல்பியா ஈகிள்ஸின் மாற்று குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் 373 யார்டு எறிந்தார். பேட்ரியட்ஸ் 33–41 என்று தோற்றது. அணியின் நலனுக்காக எடுத்த ஆட்ட முடிவு என்பதற்கு மேல் பெலிச்சிக் விளக்கம் எதுவும் தரவில்லை. காய்ச்சல், தாமதமாக வந்தது, ஒழுங்கு மீறல் என்று ஊர் பலவாறாகப் பேசியது. தவறாக எதுவும் நடந்துகொள்ளவில்லை என்று பட்லர் தானே மறுத்தார். என் ஊகத்தை நீங்கள் கேட்கிறீர்கள். ஊகம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் கேரலின் முடிவைப் பேசியவர்கள் இம்முறை பெலிச்சிக்கின் முடிவைப் பேசினார்கள். இரண்டு இரவிலும் பட்லர் என்ன ஆடினார், என்ன ஆடியிருப்பார் என்பது பேச்சிலிருந்து நழுவிவிட்டது. பதில் சொல்லவேண்டிய ஒரே மனிதர் வாயை மூடிக்கொண்டார். அதை மேதையின் மௌனம் என்று சிலர் கொண்டாடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. ஓர் ஆள் ஓராண்டு முழுக்க உழைத்த இடத்தைப் பிடுங்கினால் காரணம் சொல்லக் கடமை உண்டு.

மனக்கசப்புக்கு முன்கதையும் இருந்தது. 2017-இல் அந்த அணி வெளியிலிருந்து ஸ்டெஃபான் கில்மோர் என்ற கார்னர்பேக்கை 5 ஆண்டுக்கு 65 மில்லியன் டாலர் பேசிக் கொண்டுவந்தது. சூப்பர் பௌல் வாங்கித் தந்த பட்லருக்கோ அந்த ஆண்டு ஏறத்தாழ 4 மில்லியன். 2018-இல் டென்னசி டைட்டன்ஸ் அவருக்கு 5 ஆண்டு, 61 மில்லியன் என்று ஒப்பந்தம் போட்டது. இந்த ஒப்பந்தங்களில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. உறுதி செய்யப்படாத ஆண்டுகளை அணி எப்போது வேண்டுமானாலும் கிழித்துப் போடலாம்.

டென்னசியில் தொடக்கம் மோசம். முதல் சில மாதங்கள் அவர் தலைக்கு மேலே பந்துகள் போய்க்கொண்டே இருந்தன, கேமராவும் தவறாமல் காட்டியது. 2019-இல் மணிக்கட்டு முறிந்து பாதிப் பருவம் போயிற்று. அடுத்த ஜனவரியில் டைட்டன்ஸ் பேட்ரியட்ஸை அவர்கள் மைதானத்திலேயே 20–13 என்று வீழ்த்தியபோது அவர் ஆட முடியவில்லை. பேட்ரியட்ஸ் உடையில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த கடைசிப் பந்தை அன்று பிடித்து ஓடியவர் லோகன் ரயன், பட்லருடன் ஒரே நேரத்தில் அதே அணியில் கார்னர்பேக்காக இருந்தவர்.

பிறகு 2020 வந்தது. பெருந்தொற்றுக் காலம், இருக்கைகள் பெரும்பாலும் காலி. அந்தப் பருவத்தில் பட்லர் 100 டேக்கிள் செய்தார், 4 பந்துகளை இடைமறித்தார். மூலையில் நிற்கிறவர் 100 பேரைப் பிடித்து வீழ்த்துவது சாதாரணமில்லை. எண்ணிக்கையில் அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று. அடுத்த மார்ச்சில் டைட்டன்ஸ் அவரை விடுவித்தது. பெருந்தொகை ஒப்பந்தத்தின் மீதி இரண்டு ஆண்டுகள் காகிதத்திலேயே நின்றுவிட்டன. அரிசோனா அணியில் சேர்ந்து ஆடாமலே விலகினார். 2022-இல் 32 வயதில் பேட்ரியட்ஸுக்கே திரும்பினார், பெலிச்சிக்கிடமே. ஆகஸ்டில் இடுப்பில் காயம். இளமையில் எதிரியிடம் எதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்களோ, அதே இடுப்பு.

பதிவேட்டில் அவர் கணக்கில் இடைமறித்த 17 பந்துகள் இருக்கின்றன. கிளெண்டேலில் பிடித்தது அந்த 17-இல் சேராது. வழக்கமான பருவ ஆட்டங்களை மட்டும் கூட்டிய எண் அது. ‘ஒரு பந்தின் மனிதர்’ என்று நான் எழுதிய அந்த ஒரு பந்தை நீக்கிவிட்டுத்தான் அவருடைய கணக்கே தொடங்குகிறது. இதை உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

பழைய வரியை அழிக்கவில்லை. அழித்தால் நீங்கள் கோபப்பட்ட காரணம் அடுத்து வருபவர்களுக்குப் புரியாது. அதன் கீழே உங்கள் கடிதத்தைச் சேர்த்திருக்கிறேன். தம்பி மேலும் கேட்டால் எழுதச் சொல்லுங்கள்.