பிலிப்பைன்ஸ் சந்தைகளில் விற்கும் ‘தினாபா’ நம்ம ஊர்க் கருவாடு மாதிரிதானா? எப்படிச் சாப்பிடுவது?

கருவாடு என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். தினாபா ஏற்கெனவே வெந்து, புகை போட்ட மீன். வாங்கின கையோடு தோலை உரித்துச் சாப்பிடலாம்.

வேலை விஷயமாக மணிலாவுக்குத் தெற்கே கவீத்தே மாகாணத்தில் இருந்தேன். அங்கே ரொசாரியோ என்ற கடலோர ஊர் தினாபாவுக்குப் பேர்போனது. ஊரின் பழைய பெயர் சலினாஸ்; அதனால் அந்த மீனுக்கு இன்றும் ‘தினாபாங் சலினாஸ்’ என்றே பெயர்.

மீனைக் கழுவி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சில நிமிடம் வேகவிட்டு, ஈரம் வடியவிடுகிறார்கள். அப்புறம் தட்டுகளில் பரப்பி, மரத்தூள் புகையும் அடுப்பின்மேல் ஏற்றுகிறார்கள். தூள் கனன்றுகொண்டே இருக்க வேண்டும், தீப்பிடித்துவிடக் கூடாது. பிடித்தால் தோல் கருகி, சதை கசக்கும். பதமாகப் புகை பிடித்தால் வெள்ளித் தோல் பொன்னிறமாகிவிடும். நம் மாசிக் கருவாட்டையும் வேகவைத்துப் புகைதான் போடுகிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு வெயிலில் கட்டையாகக் காயவைக்கிறார்கள். தினாபா அந்தக் கட்டத்துக்கே போவதில்லை. சதை மெத்தென்று இருக்கும், உப்பும் அளவோடுதான்.

சந்தையில் ‘பிலாவ்’ என்ற மூங்கில் முறத்தில் வட்டமாக அடுக்கி வைத்திருப்பார்கள். சாளை இனத்துச் சின்ன மீன்கள், கலுங்கோங் என்ற கடல் மீன், பங்குஸ் எனப்படும் பால்கெண்டை, இவைதான் அதிகம். முள் எடுத்த பங்குஸ் விலை கூடுதல். பரிசாகக்கூட வாங்கிப் போவார்கள். எனக்கென்னவோ சின்ன மீன்தான். முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டும், ஆனால் புகை வாசனை உள்ளே வரை இறங்கியிருப்பது அதில்தான்.

காலையில் எண்ணெயில் லேசாகப் பொரித்து, பூண்டு போட்டு வறுத்த பழைய சோறு, தக்காளி, உப்பு முட்டையோடு சாப்பிடுவார்கள். தொட்டுக்கொள்ளப் பூண்டும் மிளகாயும் போட்ட காடி, அதாவது வினிகர். பலாபோக் என்ற அரிசி நூடுல்ஸ் மேலேயும் உதிர்த்துத் தூவுவது உண்டு.

நம்ம நாக்குக்குச் சட்டென்று பிடிப்பது மோங்கோ என்ற பாசிப்பயறுக் குழம்பு. வெள்ளிக்கிழமைகளில், முக்கியமாக ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சியைத் தவிர்க்கிறவர்கள் வீட்டில் இது இருக்கும். பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, குழைய வெந்த பாசிப்பயறைச் சேர்த்து, தினாபாவைப் பிய்த்துப் போட்டு, இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. மஞ்சளும் தாளிப்பும் இல்லையே தவிர, அந்நியமாகவே தெரியாது. சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் தட்டு காலி.

வாங்கும்போது மோந்து பாருங்கள், கடைக்காரம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். புளித்த வாடை அடித்தாலோ தோல் கொழகொழவென்று இருந்தாலோ வேண்டாம். கருவாடு மாதிரி மாதக்கணக்கில் தாங்காது. ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள். டப்பாவை இறுக்கி மூடுங்கள், இல்லையென்றால் பாலும் தயிரும் மீன் மணக்கும்.