பகடைக்கு யாரும் வசனம் எழுதித் தருவதில்லை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், ஏழெட்டு அமெரிக்கர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவதை யூடியூபில் நான்கு மணி நேரம் பார்க்கிறான். தானும் ஆடுவதில்லை. எவனோ விளையாடுவதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: கூட்டம்தான். சிறிய கூட்டமும் அல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ‘கிரிட்டிகல் ரோல்’ ஆக இருக்கலாம். 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பாத்திரமேற்கும் விளையாட்டு; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி ஆடுவார்கள். அதைக் குரல் நடிகர்கள் சிலர் 2015இல் நேரலையில் ஆடத் தொடங்கினார்கள். 2019இல் தங்கள் கதையை 22 நிமிட அனிமேஷன் படமாக்க ரசிகர்களிடம் ஏழரை லட்சம் டாலர் கேட்டார்கள். ஒரு கோடி டாலருக்கு மேல் வந்து கொட்டியது. ‘டைமென்ஷன் 20’ என்ற இன்னொரு குழு 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனையே நிரப்பியது. பார்க்க வந்தவர்களுக்கு அங்கேயும் மேஜையும் பகடையும்தான்.

மகனுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். ஆட்டக்காரர் ‘கூரையிலிருந்து குதிக்கிறேன்’ என்கிறார். கதை நடத்துபவர் அவர் எட்டவேண்டிய ஓர் எண்ணை மனதுக்குள் வைத்துக்கொள்கிறார், 15 என்று வையுங்கள். இருபது முகப் பகடை உருள்கிறது. அது நிற்கும்வரை, குதித்தவன் பிழைப்பானா என்பது கதை நடத்துபவருக்கே தெரியாது. பெரிய எதிரி வீழும் நேரத்தில் ‘கிரிட்டிகல் ரோல்’ குழுவின் முதல் மூன்று கதைகளை நடத்திய மேத்யூ மெர்சர், ‘இதை எப்படிச் செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு, கடைசி அடியை வர்ணிக்கும் உரிமையை ஆட்டக்காரரிடமே கொடுத்துவிடுவார். மேஜையே எழுந்து கூச்சல் போடும்.

எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த நாடகம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ‘கிரிட்டிகல் ரோல்’ குழுவின் இரண்டாம் கதையில் முக்கியப் பாத்திரங்களில் ஒன்று 26ஆம் அத்தியாயத்திலேயே சண்டையில் செத்துப்போனது. அதை ஏற்றிருந்த டாலிசின் ஜாஃபி வேறொரு பாத்திரத்தோடு திரும்பி வந்தார். கதை 141 அத்தியாயங்கள் ஓடியது. நம் சீரியல்காரர்கள் யாராவது நாயகர்களில் ஒருவரை இப்படிப் பறிகொடுக்கத் துணிவார்களா?

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இல்லாத கடையில் இல்லாத மருந்துக்குப் பேரம் பேசியே அரை மணி நேரத்தைத் தின்பார்கள். இதைப் பார்த்துவிட்டு ஆட வரும் புதியவர்கள், கதை நடத்தும் நண்பனிடம் மெர்சரின் குரலையும் தயாரிப்பையும் எதிர்பார்க்கிறார்கள். பாவம், அவன் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவன்.

இது யூடியூப் கொண்டுவந்த பைத்தியமும் அல்ல. ஜப்பானில் 1986இலேயே ஒரு பத்திரிகை, நண்பர்கள் ஆடிய ஆட்டத்தை உரையாடலாகத் தொடர் போட்டது. அதுதான் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ நாவலாகவும் அனிமேஷனாகவும் வளர்ந்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த ஆசிரியர்மேல் பொறாமை உண்டு.

தானும் ஆடுவதில்லை என்ற உங்கள் குறை மட்டும் நியாயமானது. அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இலவசமாகத் தருகிறார். பென்சிலும் பகடையும் பெரிய செலவில்லை. நான்கு நண்பர்களுக்கு ஒரே மாலை ஓய்வாக அமைவதுதான் கடினம். அப்படி அமைந்து, உங்கள் வீட்டுக் கூடத்தில் நள்ளிரவு வரை அவர்கள் கத்தினால் பொறுத்துக்கொள்வீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.