இன்னும் எத்தனை செமஸ்டர் காத்திருப்பது?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): திருச்சியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் ஒன்பது வருடம் கணிதம் நடத்தினேன். எம்.எஸ்சி., எம்.ஃபில். கணவரின் வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்தோம். க்ரீன் கார்டு இருக்கிறது. நாலு வருடமாக இரண்டு கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) பகுதிநேரமாகத் தலா ஒரு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பறை மணிக்கு 85 டாலர். போன ஜனவரியில், செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஆள் சேரவில்லை என்று என் அல்ஜீப்ரா வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். முழுநேர வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் இன்டர்வியூவுக்குக்கூட அழைக்கவில்லை. என்னிடம் என்ன குறை? இப்போது ஆல்டமான்ட் கணவாய்க்கு அப்பால், வீட்டிலிருந்து 60 மைலில், மூன்றாவது கல்லூரி ஒன்று கூப்பிடுகிறது. மாலை வகுப்பு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மணிக்கு 75 டாலர். ‘உன் சம்பளம் குழந்தையின் ஆஃப்டர்ஸ்கூலுக்கே சரியாகப் போகிறது, பேசாமல் ஏதாவது சாஃப்ட்வேர் கோர்ஸ் படி’ என்கிறார் கணவர். காத்திருப்பதா, விட்டுவிடுவதா?
– பெயர் வேண்டாம், ஃப்ரீமான்ட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுயநிதிப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவர் நீங்கள். ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே சிலபஸை, ஒருவர் யுஜிசி சம்பளத்துக்கும் பக்கத்து நாற்காலிக்காரர் தொகுப்பூதியத்துக்கும் நடத்துவதைக் கண்ணால் பார்த்தவர். இங்கே நடப்பதும் அதுதான், கட்டடம்தான் கொஞ்சம் பளபளப்பு. கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். தலை எண்ணினால் ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரக்காரர்கள். பாட நேரத்தில் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியர்கள் எடுக்க வேண்டும் என்று 1988-லேயே சட்டத்தில் குறிக்கோள் எழுதி வைத்தார்கள். மாநிலம் அதை எட்டவே இல்லை. நாற்காலியே போடாத பந்தியில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். உங்கள் பக்கம் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 85 டாலர். கணக்கு டீச்சருக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு யூனிட் வகுப்பு, வாரம் நாலு மணி நேரம், 17 வாரம்: 68 மணி நேரம். கைக்கு வருமுன் 5,780 டாலர். வகுப்புக்கு வெளியே வாரம் ஏழு மணி நேரமாவது போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தயாரிப்பு மூன்று, பேப்பர் திருத்துவது மூன்று, கேன்வாஸ் என்கிற வகுப்பு இணையதளத்தில் மார்க் ஏற்றி மாணவர் மெயில்களுக்குப் பதில் போடுவது ஒன்று. அது 119 மணி நேரம். வாரம் இரண்டு தடவை, போக நாற்பது நிமிடம் வர நாற்பது நிமிடம் கார் ஓட்டுவதையும் சேர்த்தால் 45. மொத்தம் 232 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 25 டாலர்கூட முழுசாக வரவில்லை. இதே மாநிலத்தில் பெரிய துரித உணவுச் சங்கிலிகளில் பர்கர் மடித்துக் கொடுப்பவருக்கு 2024 ஏப்ரலில் இருந்து குறைந்தபட்சம் மணிக்கு 20 டாலர். அந்த வேலையை இளப்பமாகச் சொல்லவில்லை. உங்கள் 85 எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது கல்லூரிக்கும் இதே கணக்கு. மாலை வகுப்பு என்றால் 580 ஃப்ரீவேயில் எல்லாரும் வேலை முடிந்து டிரேசி ஊர்ப் பக்கம் திரும்பும் நேரத்தில் நீங்களும் அவர்களோடு ஊர வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், இரவில் திரும்ப ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 17 வாரத்தில் 85 மணி நேரம் காரிலேயே. மொத்த உழைப்பு 272 மணி நேரம், வரவு 5,100 டாலர். பெட்ரோல் கேலன் நாலே முக்கால் டாலர், கார் கேலனுக்கு 30 மைல் கொடுக்கும் என்றாலும், 4,080 மைலுக்கு ஏறக்குறைய 650 டாலர் போய்விடும். மிஞ்சுவது மணிக்குப் பதினாறே சொச்சம். 2025-ல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலியே 16.50. இதுவரை நடத்தாத பாடம் என்பதால் தயாரிப்புக்கு ஏழு மணி நேரம் போதாது என்பதை இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்படிப் போட்டுப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் வருகிறது. ஆனால் அதில் இருக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்கிற பாடத்தை நான் அவ்வளவு லேசாகத் தள்ளமாட்டேன்.

உங்கள் அல்ஜீப்ரா வகுப்புக்கு ஏன் ஆள் சேரவில்லை? நீங்கள் நன்றாக நடத்தவில்லை என்பதாலா? இல்லை. ஏபி 705 என்று 2017-ல் ஒரு சட்டம் வந்தது. 2019 இலையுதிர் பருவத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்து, மாணவர்களைக் கீழ்நிலைக் கணித வகுப்புகளில் படிப்படியாக உட்காரவைப்பார்கள். பாதிப் பேர் மேலே வருமுன்பே படிப்பை விட்டு ஓடிவிடுவார்கள். இனி அப்படிச் செய்யாமல், பல்கலைக்கழகத்துக்கு மாற்றக்கூடிய பாடத்திலேயே நேராகச் சேர்க்க வேண்டும், உதவி தேவைப்பட்டால் அதோடு சேர்த்தே உதவி வகுப்பு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2022-ல் ஏபி 1705 அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. மாணவருக்கு இது நல்லதா என்று கணிதத் துறைகளில் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் பகுதிநேரக் கணித ஆசிரியர்களின் சோறு அந்தக் கீழ்நிலை அல்ஜீப்ராவில்தான் இருந்தது. அந்த வகுப்புகள் மெலிந்துபோயின, மாணவர் கூட்டம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் போனது. அல்ஜீப்ராவையே நம்பி இருந்தால் ஜனவரியில் நடந்தது மறுபடி நடக்கும். உங்கள் கணித முதுகலைப் பட்டத்தை வைத்தே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கத் தகுதி உண்டு. இப்போது எடுக்கும் இரண்டு கல்லூரிகளிலும் இதுவரை அதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: மூன்றாவது கல்லூரி தேடாதீர்கள். இருக்கும் இரண்டில் ஒன்றில் வேர் விடுங்கள். ஒரு டிஸ்ட்ரிக்டில் (அந்த வட்டாரக் கல்லூரிகளை நடத்தும் நிர்வாகம்) பகுதிநேரக்காரருக்கு முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். (அதை 80, 85 வரை உயர்த்த வந்த மசோதாவை 2022-ல் கவர்னர் கவின் நியூசம் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.) அதனால்தான் நம்மவர்கள் காரின் பின் சீட்டில் மூன்று காலேஜின் பேப்பர் கட்டுகளைப் போட்டுக்கொண்டு ஃப்ரீவேயில் வாழ்கிறார்கள். ஆனால் நீங்கள் அந்த உச்சவரம்பின் பக்கத்தில்கூட இல்லை. முழுநேரப் பளு 15 யூனிட் என்றால், நாலு யூனிட் வகுப்பு ஒன்று 27 சதவீதம். அதே இடத்தில் இரண்டாவது வகுப்பும் கிடைத்தால் 53. 40 சதவீதத்தைத் தாண்டினால் பல டிஸ்ட்ரிக்ட்களில் மருத்துவக் காப்பீட்டுக் கதவு திறக்கிறது. பகுதிநேர ஆசிரியர்களின் காப்பீட்டுக்காக 2022-ல் மாநிலம் ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கத் தொடங்கியது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் அதில் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை யூனியனில் கேளுங்கள்.

யூனியன் சந்தா மாதாமாதம் பிடிக்கிறார்கள், ஒப்பந்தத்தைப் படித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படியுங்கள். பெரும்பாலும் ஒரு பிடிஎஃப்தான். அதில் மறுநியமன முன்னுரிமை என்று ஒரு பகுதி இருக்கும். அதைப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று 2016-ல் வந்த சட்டம் டிஸ்ட்ரிக்ட்களை நிர்ப்பந்திக்கிறது. எத்தனை செமஸ்டருக்குப் பிறகு பட்டியலில் பெயர் ஏறும், எத்தனை செமஸ்டர் விட்டுப்போனால் இறங்கும், முழுநேரக்காரரின் வகுப்பு ரத்தானால் அவர் உங்கள் வகுப்பைப் பிடுங்கிக்கொள்ள முடியுமா, கடைசி நேர ரத்துக்கு ஏதாவது தொகை உண்டா, எல்லாம் அதில்தான். கால்ஸ்டர்ஸ் என்கிற மாநில ஆசிரியர் ஓய்வூதியத்தில் சேரப் பகுதிநேரக்காரருக்கும் வழி உண்டு. பாதிப் பளு என்றால் பாதி வருடம்தான் கணக்கில் ஏறும், ஓய்வூதிய உரிமைக்கு முழுசாக ஐந்து வருடம் சேர வேண்டும். இரண்டு இடத்திலும் உங்களை எந்தத் திட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்று ஹெச்ஆரில் விசாரியுங்கள்.

கடிதத்தில் எனக்கு மனசு வலித்த வரி, ‘கோடையில் இரண்டரை மாதம் வருமானமே இல்லை, அது இந்த வேலையின் தலையெழுத்து’ என்பது. தலையெழுத்து இல்லை. 1989-ல் செர்வீசி வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: அடுத்த செமஸ்டர் வகுப்பு ஆள் சேர்வதையும் நிதியையும் பொறுத்தது என்றால், அது உறுதியான வேலை ஆகாது. ஆகவே இரண்டு செமஸ்டருக்கு நடுவே வேலையிழப்புக் காப்பீடு கேட்கலாம். கடைசி வகுப்பு முடிந்த வாரமே இடிடி என்கிற மாநில வேலைவாய்ப்புத் துறையின் தளத்தில் விண்ணப்பியுங்கள். திரும்ப வேலை உறுதியா என்ற கேள்விக்கு, உங்கள் நியமனக் கடிதத்தில் இருப்பதையே உள்ளபடி எழுதுங்கள்: ஆள் சேர்ந்தால்தான், நிதி இருந்தால்தான். முதல் வாரம் பணம் வராது. அதிகபட்சம் வாரம் 450 டாலர். இரண்டு வகுப்புச் சம்பளத்துக்கு 300-ஐ ஒட்டி வரக்கூடும். கணவரின் சம்பளத்தைப் பார்க்கமாட்டார்கள். இது அரசு உதவித்தொகையா, சிட்டிசன்ஷிப்புக்கு இடைஞ்சலா என்று நம் ஊர்க்காரர்கள் பயப்படுவது வழக்கம். இது காப்பீடு, பயம் வேண்டாம். ஒரு மனு நிராகரிக்கப்பட்டாலும் மேல்முறையீடு செய்யுங்கள். நம் பெண்கள் பலர் அந்த முதல் கடிதத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

இனி முழுநேர வேலை. நாலு வருடம் விசுவாசமாக உழைத்தால் கூப்பிட்டு நாற்காலி கொடுப்பார்கள் என்ற எண்ணம் இருந்தால் அதை இன்றே கழற்றி வையுங்கள். இங்கே பகுதிநேரத்தில் இருந்து முழுநேரத்துக்குப் பதவி உயர்வு என்று ஒன்று கிடையாது. இடம் வந்தால் நாடு முழுக்க விளம்பரம், எல்லாரோடும் நீங்களும் ஒருவர். குழு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அளவுகோல் வைத்து மார்க் போடுகிறது. நீங்கள் அனுப்பிய விண்ணப்ப நகலில், முதல் பக்கம் முழுக்க எம்.ஃபில். ஆய்வுத் தலைப்பும் கலந்துகொண்ட கருத்தரங்குகளும். நான் சொன்ன குறை இதுதான். அந்தக் குழு தேடுவது வேறு: வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வரும் பையன் உங்கள் வகுப்பில் எப்படித் தேறினான்? பதினைந்து வருடம் கழித்துப் படிக்க வந்த தாயாருக்கு நீங்கள் என்ன மாற்றிச் செய்தீர்கள்? இதை ஒரு பக்கம் எழுத உங்களிடம் நாலு வருடச் சரக்கு இருக்கிறது. ஒரு வரிகூட எழுதவில்லை. மாதிரி வகுப்புக்கும் பதினைந்து, இருபது நிமிடம்தான் தருவார்கள். நம் ஊர் வழக்கப்படி போர்டைப் பார்த்துத் தேற்றத்தை நிரூபித்துக்கொண்டே போனால் கதை முடிந்தது. குழுவில் உட்கார்ந்திருப்பவர்களையே மாணவர்களாக்கிக் கேள்வி கேளுங்கள். இன்னும் இரண்டு ஆள் எடுக்கும் பருவங்கள் பாருங்கள். அதற்குள் இன்டர்வியூ அழைப்பே வராவிட்டால் முழுநேரத்தை மறந்துவிட்டு, இது பகுதிநேர வேலையாகவே வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை. ஆஃப்டர்ஸ்கூல் கட்டணத்தை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறார்? குழந்தை இருவருக்கும்தானே. சாஃப்ட்வேர் கோர்ஸ் உங்களுக்கே ஆசை என்றால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆசை எங்கேயும் தென்படவில்லை.

ஆல்டமான்ட்டுக்கு அப்பால் இருக்கும் டீனுக்கு இந்த வாரமே பதில் போடுங்கள். தாமதித்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பை ஆன்லைனில் தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் ஒரே ஒரு செமஸ்டர், அனுபவத்துக்காக எடுங்கள். நேரில்தான் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதே நாளில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியின் துறைத்தலைவருக்கும் ஒரு மெயில்: ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கத் தயார், இரண்டு வகுப்பு வேண்டும். வசந்தப் பருவ அட்டவணை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிவாகிவிடும், அதற்கு முன் உங்கள் பெயர் அவர் மேஜையில் இருக்கட்டும்.